காசம்பட்டிக்குப் பிறகு: கோயில்காட்டை யார், எப்போது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டத்திலுள்ள காசம்பட்டி வீரக்கோயில் காட்டைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிர்வளம் மிகுந்ததால் காக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. பரப்பு 4.97 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் பன்னிரண்டும் கொஞ்சமும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இந்தத் தகுதி பெற்ற இரண்டாவது இடம் இது. செய்தி வந்ததும் குலதெய்வக் காடு வைத்திருக்கிற பல ஊர்களில் ஒரே மாதிரிக் கேள்விகள் எழுந்தன. இனி உள்ளே பொங்கல் வைக்க விடுவார்களா? வனத்துறை வேலி போட்டுவிடுமா? எங்கள் காட்டுக்கும் இப்படி ஒரு அறிவிப்பு வாங்க முடியுமா? அதெல்லாம் இருக்கட்டும், பங்காளிகள் சேர்ந்து நூறு கன்று நட்டுவிட்டால் போதாதா?

முதல் மூன்றும் சட்டக் கேள்விகள். சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். நான்காவதற்குத்தான் பருவத்தையும் மரத்தையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கோயில்காடு என்று எதைச் சொல்கிறோம்

ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையிலோ குன்றின் அடியிலோ, அய்யனார், கருப்பசாமி, வீரன், பச்சையம்மன் என்று ஏதாவது ஒரு தெய்வத்தின் பேரில் தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் விட்டுவைத்த காட்டுத் துண்டுதான் கோயில்காடு. சாமிக்காடு என்றும் சொல்வார்கள். கேரளத்தில் காவு, கர்நாடகத்தில் தேவரகாடு, மகாராஷ்டிரத்தில் தேவராய், ராஜஸ்தானில் ஓரண். கோயிலைச் சுற்றி நட்டு வளர்க்கிற நந்தவனம் இதில் சேராது. நந்தவனத்தில் என்ன செடி இருக்க வேண்டும் என்பதை ஆள் முடிவு செய்கிறான். கோயில்காட்டில் அதை மழையும் சின்னான் குருவியும் வௌவாலும் முடிவு செய்திருக்கின்றன.

எல்லாக் கோயில்காடும் ஒரே மாதிரி இருக்காது. காசம்பட்டி போன்ற உள்மாவட்டக் காட்டில் உசில் மரம் மிகுதி. தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூள் இந்த மரத்தின் இலையை உலர்த்தி இடித்ததுதான். உசில் கோடை வறட்சியில் இலை உதிர்த்து நிற்கும். அதைப் பார்த்து மரம் பட்டுப்போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு.

கிழக்குக் கடற்கரையை ஒட்டிய காடு வேறு வகை. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு இதற்கு நல்ல உதாரணம். இந்தியக் காடுகளைச் சாம்பியன், சேத் என்ற இரண்டு வனவியலாளர்கள் 1968இல் வகைப்படுத்தியபோது இவ்வகையை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தனியாகவே வைத்தார்கள். பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது பாருங்கள். மழை வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும்தான். மரமோ பன்னிரண்டு மாதமும் பச்சை. சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளால் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்து இது சாத்தியமாகிறது. அதற்கு மரம் கொடுக்கும் விலை, வளர்ச்சி. வீரை, காசான், கருங்காலி, உலக்கைப் பாலை எல்லாமே ஆமை வேகத்தில் வளர்பவை. இரண்டாள் உயரமுள்ள ஒரு காசான், அதன் நிழலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம். காசானுக்குக் காயா என்றும் பெயர். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுவது இந்த மரத்தின் நீலப் பூவை வைத்துத்தான்.

அறிவிப்பு வந்தால் என்ன மாறும்

1. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்பது 2002ஆம் ஆண்டு பல்லுயிர் பெருக்கச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் வருகிறது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு மாநில அரசு அறிவிக்கும். நாட்டில் முதன்முதலாக இந்தத் தகுதி பெற்றது பெங்களூருக்கு வெளியே உள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு, 2007இல்.

2. நிலத்தின் உடைமை இந்த அறிவிப்பால் கைமாறுவதில்லை. புறம்போக்காக இருந்தால் புறம்போக்கு, அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் அங்கேயே, குடும்பப் பட்டாவாக இருந்தால் அந்தக் குடும்பத்திடமே.

3. வழிபாடும் நிற்காது. ஊர் மக்கள் ஏற்கெனவே கடைப்பிடித்துவரும் வழக்கங்களுக்கு, அவர்களாகவே விரும்பி ஏற்கும் கட்டுப்பாடுகளைத் தவிர, வேறு தடை வரக்கூடாது என்பதே இதற்கான வழிகாட்டு நெறி. பொங்கல், கிடா, முடியிறக்கு எல்லாம் ஊர் வழக்கப்படி நடக்கும்.

4. நடைமுறையில் பொறுப்பு வருவது உள்ளாட்சி மட்டத்திலுள்ள பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு. சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும். ஊரிலுள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்ததையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. அறிவிப்பு வேண்டும் என்கிற ஊர் முதலில் போய் நிற்க வேண்டிய வாசல் இதுதான்.

5. இதைத் தவிர வேறொரு வழியும் இருக்கிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவின்படி, தனியார் நிலத்தையோ ஊர்ப்பொது நிலத்தையோ அதன் உரிமையாளர்கள் முன்வந்தால் சமூகக் காப்பிடமாக அறிவிக்கலாம். 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தான் ஓரண்கள் குறித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சுட்டியது இந்த வழியைத்தான். கோயில்காடுகளுக்கு நாடு தழுவிய கொள்கை ஒன்றை வகுக்கும்படியும் ஒன்றிய அரசுக்கு அதே தீர்ப்பில் பரிந்துரைத்தது.

ஏற்கெனவே காப்புக்காட்டுக்குள் இருக்கும் கோயில்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் தங்கலாம், என்ன கொண்டுபோகலாம் என்பதையெல்லாம் வனத்துறை விதிகள் தீர்மானிக்கின்றன. 'வேலி போட்டுவிடுவார்கள்' என்ற பயம் இதைப் பார்த்துக் கிளம்பியதாகத்தான் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு சட்டம்.

அரிட்டாபட்டியில் இந்த அறிவிப்பு எவ்வளவு பயன்பட்டது என்று கேட்கலாம். 193.21 ஹெக்டேர், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, அதை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ரத்துக்குக் காரணம் மக்கள் திரண்டதுதான். வெறும் அரசாணை தானாக எதையும் தடுத்துவிடவில்லை. ஆனால் போராடியவர்கள் கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது. அறிவிப்பின் மதிப்பு இவ்வளவுதான். குறைவென்று சொல்ல முடியாது, அதிகமென்றும் சொல்ல முடியாது.

குடும்பம் எப்படிக் காவலாக இருந்தது

சட்டம் வருவதற்கு முன்னால் இந்தக் காடுகளைக் காத்தது குலதெய்வ உறவு. ஒரு காட்டுக்கு இன்னின்ன பங்காளிகள் என்று கணக்கு உண்டு. மாசி சிவராத்திரிக்கோ, தென்மாவட்டங்களில் சாஸ்தா என்றால் பங்குனி உத்திரத்துக்கோ, எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேர்வார்கள். குழந்தைக்கு முதல் முடியை இங்கேதான் இறக்க வேண்டும். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை பிறகு சென்னைக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும், முடி விழுந்த மண் என்று அதற்கு ஒரு இடம் இருக்கும்.

இந்த உறவோடு சில விதிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. விறகு வெட்டக்கூடாது. விழுந்த கிளையைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, பல காடுகளில் அதை எரிக்கலாம் என்றால் சாமிக்குப் படைக்கும் பொங்கலுக்கு மட்டும்தான். செருப்போடு போகக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது. சூழலியல் கண்ணில் பார்த்தால், விழுந்த மரம் உள்ளேயே மக்குவதும் கால் படும் பரப்பு ஒற்றையடிப் பாதையோடு நிற்பதும்தான் இவற்றின் விளைவு. யாரும் அறிவியல் படித்து இந்த விதிகளை வகுக்கவில்லை. கண் போய்விடும் என்ற பயம்தான் அமல்படுத்தியது.

பழையதெல்லாம் நல்லது என்று இதைப் படித்துவிட வேண்டாம். சில காடுகளில் பெண்களுக்குத் தடை, சில இடங்களில் சாதியின் பேரால் வெளியே நிறுத்துவது, எல்லாம் அதே மூட்டைக்குள்தான் வந்தன. மரத்தைக் காத்த விதியையும் மனிதரை விலக்கிய விதியையும் பிரிக்க முடியாது என்று சில பெரியவர்கள் வாதிடுவார்கள். முடியாமல் என்ன? பட்ட கிளையை எடுக்காதே என்பதற்கும் இன்னார் உள்ளே வராதே என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கோடாரியைவிட சிமென்ட்

இன்று கோயில்காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் குறைவு. சேதம் பெரும்பாலும் பக்தியோடு வருகிறது. வெளியூரில் நாலு காசு பார்த்த பங்காளி, சாமிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். திறந்த வெளியில் இருந்த அய்யனாருக்குக் கூரை வருகிறது. பிறகு மண்டபம், அன்னதானக் கூடம், வாகனம் நிறுத்தப் பேவர் கல். ஒவ்வொன்றுக்கும் 'இந்த ஓரத்தில் கொஞ்சம்' என்று காடு பின்வாங்குகிறது. காட்டின் அளவே ஐந்தாறு ஏக்கர் என்றால் ஓரத்தில் கொஞ்சம் என்பது சின்ன விஷயம் இல்லை. விளிம்பு திறக்கத் திறக்க வெயிலும் காற்றும் உள்ளே புகும். நிழலில் முளைக்கிற விதைகள் முளைக்காது, வெயில் கேட்கிற களைகள் உள்ளே நுழைந்துவிடும்.

மண் குதிரைக்கு நடந்ததும் இதேதான். வேளார் சுட்டுக் கொடுத்த புரவி சில வருடங்களில் வெடிக்கும், காது உடையும், முதுகில் புல் முளைக்கும், கடைசியில் மண்ணோடு மண்ணாகும். உடைந்ததை யாரும் அப்புறப்படுத்த மாட்டார்கள். அடுத்த நேர்த்திக்கு அதன் பக்கத்திலேயே புதுக் குதிரை வந்து நிற்கும். எனாமல் பூசிய சிமென்ட் குதிரை எங்கும் போகாது. அதற்குப் பீடம் வேண்டும், பீடத்தைச் சுற்றித் தளம் வேண்டும், வருடா வருடம் பெயின்ட் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது துடைப்பம் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்தான்.

திருவிழாவுக்கு முன்னால் 'காடு மாதிரி கிடக்கிறது' என்று சொல்லிச் சருகைக் கூட்டி ஓரமாகக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தச் சருகை ஒருமுறை கையால் கிளறிப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேலே இந்த வருடத்து இலை, கையில் எடுத்தால் நொறுங்கும். அதற்கடியில் போன வருடத்தது, ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சை படர்ந்து கிடக்கும். இன்னும் கீழே போனால் இலை என்று அடையாளம் தெரியாத கறுப்புப் பொடி. மரவட்டை சுருண்டு கிடக்கும், காசளவு நத்தை ஓடு அகப்படும், விதை பிளந்து வெள்ளையாய் ஒரு முளை நீண்டிருக்கும். வெளியே பங்குனி வெயில் கொளுத்தும்போதும் அங்கே விரல் குளிரும். மழை பெய்தால் இந்தப் படுக்கைதான் தண்ணீரை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்குகிறது. அதைக் கூட்டி எரித்தால் உரம், ஈரம், அடுத்த தலைமுறைக் கன்றுகள் மூன்றும் ஒரே புகையில் போய்விடும்.

கூட்டவே கூடாதா? நடைபாதையையும் அடுப்பு மூட்டும் இடத்தையும் கூட்டித்தான் ஆக வேண்டும், தீப்பிடிக்காமல் இருக்க. கூட்டியதை என்ன செய்வது என்பதே கேள்வி. டோக்கியோவில் மெய்ஜி கோயிலைச் சுற்றி எழுபது ஹெக்டேர் காடு இருக்கிறது. ஜப்பான் முழுவதிலிருந்தும் மக்கள் கொடுத்த சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு, கோயில் 1920இல் திறக்கப்பட்டது. அங்கே தினமும் பாதையைப் பெருக்குகிறார்கள். பெருக்கிய இலை ஒன்றும் வெளியே போவதில்லை, அப்படியே மரத்தடிக்குத் திரும்பிப் போகிறது. விஷயம் அவ்வளவுதான்.

ஜப்பான் என்றதும் மியாவாக்கி நினைவுக்கு வரும். நம்மூரில் காலி மனையில் நெருக்கமாகக் கன்று நட்டுவிட்டு மியாவாக்கிக் காடு என்று பலகை வைக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி ஒரு இடத்துக்கு எந்த மரம் இயல்பானது என்று கண்டுபிடிக்கப் போன இடங்களில் முக்கியமானவை ஜப்பானியக் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த பழைய தோப்புகள். ஊருக்கு நடுவே மியாவாக்கிக் காடு வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற அய்யனார் காட்டில் பேவர் கல் பதிக்கிற ஒரு ஊரை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கன்று நடும் தேதியில் ஒரு பிழை

ஆண்டுதோறும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். ஜூலை முதல் வாரம் வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழா, 1950இல் அன்றைய ஒன்றிய வேளாண் அமைச்சர் கே.எம்.முன்ஷி தொடங்கிவைத்தது. இரண்டும் தென்மேற்குப் பருவமழையை நம்பி வாழும் பகுதிகளுக்குச் சரியான தேதிகள். கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் மழை இறங்கிவிடும். கோவையின் மேற்கு ஓரம், தென்காசி, கன்னியாகுமரிக்கும் ஓரளவு பொருந்தும்.

கடலூருக்கோ நாகைக்கோ புதுக்கோட்டைக்கோ பொருந்தாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, கடலோர மாவட்டங்களில் அறுபது சதவீதம்வரை, அக்டோபர் முதல் டிசம்பர்வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருவது. ஜூன் 5 என்பது கத்திரி முடிந்து ஒரு வாரம். அன்று நட்ட கன்று நல்ல மழையைப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். புகைப்படம் எடுத்தபிறகு யாரும் தண்ணீர் ஊற்றப் போவதில்லை என்றால், அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று.

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த பழைய கணக்கு இதற்கு இன்னும் உதவுகிறது. கடலோரக் கோயில்காட்டுக்கு அது இப்படி வரும்:

1. இளவேனில், முதுவேனில் (சித்திரை முதல் ஆடிவரை): விதைக் காலம். நிறைய மரங்கள் வெயில் உச்சத்தில்தான் பழுக்கும். பாலைப்பழம் வைகாசி, ஆனியில் வரும். ஈழத்தில் வன்னிக் காட்டுப் பக்கம் இதைச் சந்தையில் விற்பார்கள். மஞ்சளாய், வேப்பம்பழம் அளவில், தித்திப்பாய் இருக்கும். நாலு பழம் தின்றதும் பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆனி, ஆடியில் நாவல். நாவல் விதையை உலர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் போச்சு, காய்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற கையோடு கழுவி நாற்றுப் பையில் ஊன்ற வேண்டும். உசில் விதை அப்படி இல்லை. ஓடு கடினம், எடுத்து வைத்து ஆற அமர விதைக்கலாம். மரத்தடியில் கிடப்பதை எல்லாம் பொறுக்கிவிடக் கூடாது. சின்னானுக்கும் மரநாய்க்கும் பங்கு உண்டு; இந்தக் காட்டை நட்டவர்கள் அவர்கள்தான்.

2. கார் (ஆவணி, புரட்டாசி): இடைமழை இறங்கி மண் கொஞ்சம் இளகும் நேரம். களை எடுக்க இதைவிட நல்ல சமயம் இல்லை. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்துவிட வேண்டும்.

3. கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): நடவு. முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு நட்டால் வேர் இறங்க இரண்டு மூன்று மாதம் ஈரம் கிடைக்கும். கார்த்திகைக் கடைசியில் நட்டால் அது பாதியாகிவிடும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது வெள்ளாமைக்குச் சொன்னது. இந்தக் காட்டுக்குப் பட்டம் ஐப்பசி.

4. முன்பனி (மார்கழி, தை): பார்க்க மட்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே கன்று தானாக முளைத்திருக்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். புயலில் விழுந்த மரம் பாதையை மறித்தால் மட்டும் வெட்டி ஒதுக்கிவிட்டு உள்ளேயே போடலாம். பட்டு நிற்கும் மரத்தையும் விட்டுவிடலாம். மரங்கொத்தி குடைந்த பொந்தில் அடுத்த வருடம் கிளி இருக்கும், அப்புறம் ஆந்தை இருக்கும்.

5. பின்பனி (மாசி, பங்குனி): தீக் காலம். குலதெய்வக் கூட்டம் வருவதும் இதே சமயத்தில்தான்; இந்தப் பொருத்தம் கொஞ்சம் கெட்ட பொருத்தம். அடுப்பைச் சுற்றி நாலடிக்குச் சருகை ஒதுக்குவது, கிளம்பும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அணைப்பது, சூடக் கட்டியை மரத்தடியில் கொளுத்தாமல் இருப்பது. வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

நட வேண்டிய இடம் எது என்பதும் முக்கியம். காட்டுக்குள் நடவே தேவையில்லை. அங்கே தானாக முளைப்பதை மிதிக்காமல் இருந்தால் போதும். நடவு விளிம்புக்கும், கட்டுமானத்தால் திறந்துபோன வெற்றிடத்துக்கும்தான். அங்கேயும் நிழல் தருகிறது, சீக்கிரம் வளர்கிறது என்று கொன்றை வகைகளையும் அயல் அகேசியாவையும் வைப்பதால் பயன் இல்லை. ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வெறும் செம்மண் பொட்டலில் காடு வளர்த்தவர்கள் முதலில் வேகமாக வளரும் அயல் அகேசியாவைத்தான் நிறைய வைத்தார்கள். அந்தப் பொட்டலுக்கு அப்போது நிழல் வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பெருமளவு சாய்ந்தவை அவையே. கோயில்காட்டு விளிம்பில் பக்கத்திலேயே தாய்மரம் நிற்கும்போது வெளியிலிருந்து மரம் கொண்டுவர ஒரு காரணமும் இல்லை.

களை: எதை, எப்படி எடுப்பது

இரண்டே இரண்டு எதிரிகளைச் சொல்லலாம். சீமைக் கருவேலத்தை ஆடு கொண்டுவருகிறது. ஆடு காயைத் தின்னும், விதை புழுக்கையோடு விழும், முளைக்கும். இதைத் தரைக்கு மேல் வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும். ஒரு முழத்துக்குள் இருக்கும்போது ஈர மண்ணில் வேரோடு பிடுங்குவதுதான் மலிவான வழி. வளர்ந்துவிட்டால் அடிவேரைத் தோண்டி எடுக்க வேண்டும். காட்டின் நடுவில் பொக்லைன் கொண்டுவந்தால் கருவேலம் போகும், கூடவே காசானும் போகும்.

உண்ணிச்செடியைப் பறவை கொண்டுவருகிறது. கறுப்புப் பழம் சின்னானுக்குப் பிடித்தது. வெட்டினால் இதுவும் துளிர்க்கும். வேரும் தண்டும் சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே மண்வெட்டியால் வெட்டி, செடியைத் தூக்கி வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வைத்துவிட்டால் காய்ந்துவிடும். பழம் பழுப்பதற்கு முன் செய்ய வேண்டும். பழமே வந்துவிட்டால் செடியை இழுத்துப் போகும் வழியெல்லாம் விதை உதிரும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, களையோடு சேர்த்துச் சூரையையும் காரையையும் களாவையும் வெட்டிவிடுவது. முள்ளாக இருக்கிறது, புதராக இருக்கிறது, அதனால் களை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இவை மூன்றும் இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்கள். முள்ளுக்குள் ஆடு வாய் வைக்க முடியாது என்பதால் வீரைக் கன்று அதற்குள் பத்திரமாக வளர்கிறது. எனவே மண்வெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால், செடி தெரிந்த ஒருவர் முன்னே நடந்து, எடுக்க வேண்டியதில் மட்டும் துணி கட்டிவிட்டுப் போக வேண்டும்.

வருடத்தில் ஒரே நாள் வருகிறவர்கள்

வேன் பிடித்து வந்து இறங்கும் குடும்பம் அன்று மாலையே திரும்பிவிடும். அந்த ஒரு நாளில் என்ன செய்ய முடியும்? வயதானவர்களோடு பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒரு சுற்று அனுப்பலாம். அப்பத்தாவுக்கு மரத்தின் பெயர் தெரியும், எதற்கு ஆகும் என்று தெரியும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரைத்தால் கலங்கல் தண்ணீர் தெளியும் என்று அவர் செய்தே காட்டுவார். பேரனுக்குக் கைப்பேசி இருக்கிறது. படமும் பெயரும் சேர்ந்தால் அது பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற வேண்டிய தகவல், முன்னே சொன்ன குழுவுக்கு இதைக் கொடுக்கலாம். பல ஊர்களில் இந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான் மிச்சம், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

பிள்ளைக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொள்கிற குடும்பங்களும் உண்டு. முடியிறக்கிய வருடம் ஒரு மரத்தைத் தேர்ந்து, நான்கரை அடி உயரத்தில் டேப் சுற்றி அளந்து குறித்து வைப்பார்கள். வனத்துறை மரச் சுற்றளவு எடுப்பதும் இதே உயரத்தில்தான். அடுத்த வருடம் அளந்தால் பெரும்பாலும் அதே எண்தான் வரும். பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கும், காசான் நகர்ந்திருக்காது.

நடவு செய்துதான் தீர வேண்டும் என்றால், ஐப்பசியில் ஒரு தனிப் பயணம் வர வேண்டும். மாசியில் கூடும்போது நட்டால் பலிக்காது. வர முடியாதவர்கள் ஊரில் ஒருவரிடம் பொறுப்பு விடலாம். கன்று ஒன்றரை அடிக்கு மேல் இருக்க வேண்டாம். சின்னக் கன்றுதான் சீக்கிரம் வேர் பிடிக்கும். மார்கழிவரை மழை பார்த்துக்கொள்ளும். தை முதல் அடுத்த ஐப்பசிவரை வாரத்துக்கு ஒரு குடம், அடியில் அதே காட்டுச் சருகால் ஒரு மூடாக்கு, ஆடு நுழையாமல் சுற்றிலும் வெட்டிய முள். இரண்டாம் கோடையில் மாதம் இரண்டு முறை ஊற்றினால் போதும். பங்காளிகள் கணக்குப் போடும்போது கன்றின் விலையை மட்டும் எழுதுகிறார்கள். இருபது கன்றுக்கு வாரம் இருபது குடம், பத்து மாதம், குளத்திலிருந்து தூக்கி வர ஒரு ஆள். அந்த ஆளின் கூலியை நோட்டில் முதல் வரியாக எழுதிவிட்டு, மிச்சப் பணத்துக்கு எத்தனை கன்று வருமோ அத்தனை வாங்கலாம்.